முத்லக் வீட்டின் அதிர்வுகள்

ஃபுரைஜ் தம் தம்பியின் வீட்டுக் கதவைத் திறந்து, என்னை முதலில் உள்ளே போகச் சொன்னார். பிற்பகல் தொழுகை முடிந்த நேரம். வெளியே எரிமலைக் கருங்கற்கள் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தன. பாதிக் கூரை இடிந்திருந்த அந்த வீட்டில் கந்தக நெடியும் பழைய ஆட்டுப் புழுக்கையின் வாடையும் தேங்கியிருந்தன. மூலையில் எங்கள் அலுவலகத்தின் நில அதிர்வுமானி இருந்தது. அதைக் கழற்றி எடுத்துச் செல்லவே வந்திருந்தேன்.

ஆறு மாதங்களுக்கு முன் இந்த ஊர் நாளொன்றுக்கு நூறு முறை நடுங்கியது. உருகிய பாறை கீழிருந்து நெருக்க, பூமியின் மேலோடு தாங்காமல் சிறு சிறு விரிசல்களாக விட்டுக்கொடுத்தது. மக்களைக் கடற்கரைக் கூடாரங்களுக்கு அனுப்பினோம். ஆடுகளை விட மனமின்றி ஃபுரைஜின் தம்பி முத்லக் மட்டும் தங்கிவிட்டார்.

அவரை அழைத்துவர அனுமதி கேட்டு ஃபுரைஜ் என் கூடாரத்துக்கு வந்தார். நான் ஊற்றிய காப்பியை அருந்தாமல் கீழே வைத்தார். எங்களில் ஒருவர் அப்படி வைத்தால் அது கோரிக்கை. "குடியுங்கள்" என்று சொல்லிவிட்டால் அது வாக்கு. மறுக்கக் கூச்சப்பட்டு நான் சொல்லிவிட்டேன். அவரும் நம்பிக் குடித்தார்.

அந்த அனுமதிக் கடிதத்தை எழுத அமர்ந்தபோது இந்த வீட்டு மானியிலிருந்து புதிய அதிர்வுகள் வந்தன. மிகச் சிறியவை. மூன்று, சற்று இடைவெளி, மீண்டும் மூன்று. வேறெந்த மானியிலும் அவை பதிவாகவில்லை. ஆழமற்ற அதிர்வுத் தொடர் என்று குறித்து, ஊருக்குள் செல்வதற்கான தடையை நீட்டித்தேன்.

நான்காம் நாள் அவை நின்றன.

பிறகு இடிபாட்டுக்குள் உடல் கிடைத்தது. கூரை விழுந்த நொடியே முத்லக் இறந்துவிட்டார் என்று அறிக்கையில் எழுதினேன்.

"அவன் கையில ஒரு கல்லு இருந்துச்சு, உஸ்தாத்," என்றார் ஃபுரைஜ். "ஒரு பக்கம் தேஞ்சுபோன கல்லு. விழுந்ததுமே செத்தவன் எதுக்குக் கல்லைத் தேய்ச்சான்?"

நான் மானியின் திருகுகளைக் கழற்றத் தொடங்கினேன்.

"நீங்க ரொம்ப மரியாதைக்காரர். என் தம்பி தட்டுனதைக்கூட ஒண்ணு விடாம எண்ணி எழுதியிருக்கீங்க." அவர் குரல் உயரவில்லை. தானாகத் தேடிக்கொண்ட சாவு என்று ஊரார் முத்லக்கின் பிள்ளைகளிடம் சொல்வதாகத் தெரிவித்தார். பிறகு ஒரு தாளை நீட்டினார். "எத்தனை நாள் உயிரோட கெடந்தான்னு எழுதிக் கொடுங்க."

எழுதினேன்: இரண்டு நாட்கள்.

தரைக்கு அடியில் ஒரு தட்டல் கேட்டது.

முத்லக்கை அடக்கம் செய்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன.

"அவனுக்குப் பொறுக்கல," என்றார் ஃபுரைஜ் மெதுவாக.

மூன்று. இடைவெளி. மூன்று. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடுமையாக இருந்தது. எஞ்சிய கூரையிலிருந்து மண் கொட்டியது. தட்டல் சுவரோரத்திலிருந்து நகர்ந்து, என் உள்ளங்கால்களுக்கு நேர் கீழே வந்து நின்றது.

எண்ணை அடித்து, நான்கு என்று திருத்தினேன். முத்லக் தட்டியதை நிலநடுக்கம் என்று குறித்தவனும், அதைக் காட்டி வழியை அடைத்தவனும் நானே என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

தட்டல் நின்றது.

பிள்ளைகளுக்கு அதிகாரபூர்வ முத்திரையுடன் தருவதாகச் சொல்லி, தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். மறுநாள் காலை அலுவலகத்தில் அதை விரித்தேன். என் கையொப்பத்துக்குக் கீழே, சாட்சிக்கான இடத்தில், கருங்கல் தூசியும் இரத்தமும் கலந்த பெருவிரல் ரேகை இருந்தது.

மேலதிகாரி நகல் எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

நகலில் அந்த ரேகை ஈரமாக இருந்தது.