இடது குதிகாலில் ஒரு பள்ளம்

“அந்த எலியாஸைச் சும்மா விடமாட்டேன் மேடம்!”

வேலூரில் காப்புரிமை வாங்கித் தரும் பேட்டன்ட் ஏஜென்டாக இருந்த மேகலாவின் மேசைமேல் ஒரு ஜோடி செருப்பை எறியாத குறையாகப் போட்டாள் ஜெனிஃபா. அவள் மருத்துவமனை செவிலியர். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்களுக்காக, அழுத்தம் விழும் இடத்து மெத்தையை மட்டும் கழற்றி மாற்றும் செருப்பைக் கண்டுபிடித்தவள். அதற்கான காப்புரிமை விண்ணப்பம் இப்போது ஆம்பூர் ஷூ கம்பெனி மேலாளர் சூரியபிரகாஷ் பெயரில் வெளியாகியிருந்தது.

“யாருக்கெல்லாம் காட்டினீங்க?”

“ரெண்டே பேருக்கு. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சொல்லித்தான் காட்டுனேன். அப்பாவுக்காக ஆம்பூர் பஜார்ல செருப்புக்கடை வச்சிருக்க எலியாஸண்ணன்கிட்ட குடுத்துத் தைச்சேன். அப்புறம் அப்பாவுக்கு இடது குதிகால்ல புண்ணு. புண்ணுல படாம இருக்க வூட்ல நானே பிளேடால செருப்ப வெட்டிக் குடுத்தேன். புண்ணு ஆறினதும் அதே செருப்பைப் பையில போட்டு சூரியபிரகாஷ் சார்கிட்ட எடுத்துட்டுப் போனேன். பையை வச்சுட்டுப் போன்னாரு. மறுவாரம், பிரிச்சே பாக்கலன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. இப்போ கேட்டா, எலியாஸ் முன்னாடியே தன்னோட ஐடியான்னு வித்துட்டான்றாரு. பஜார்ல நின்னு அந்தாள திருடன்னு கத்திட்டு வந்தேன்!”

“முதல்ல விண்ணப்பம் போட்டவங்களுக்குத்தானே உரிமை? போச்சா?” என்று பதறினாள் மேகலாவின் உதவியாளர் பில்கிஸ்.

“போடுற உரிமையே கண்டுபிடிச்சவங்களுக்குத்தான், இல்லன்னா அவங்ககிட்ட வாங்கினவங்களுக்கு. இன்னும் காப்புரிமை குடுக்கல, இப்பவே எதிர்க்கலாம். ரகசியமா வச்சுக்குவாங்கன்ற நம்பிக்கையில காட்டினதால கண்டுபிடிப்போட புதுமையும் கெடல.” மேகலா விண்ணப்பத்தின் வரைபடத்தையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். “நாளைக்கு ஆம்பூர் போறோம்.”

கம்பெனி முதலாளி ரஷீத் அஹமதுவின் அறையில் எல்லோரும் கூடினார்கள். எலியாஸ் ஜெனிஃபாவின் பக்கம் திரும்பவே இல்லை.

“இந்தப் படத்த எத வச்சு வரைஞ்சீங்க?” என்று மேகலா கேட்டாள்.

“எலியாஸ் சொன்னத வச்சுதான்,” என்றார் சூரியபிரகாஷ். “செருப்பத் தைச்சுக் குடுத்த அன்னிக்கே வந்து சொன்னான். அதோட சரி, மறுபடி வரல.”

“பொய்!” எலியாஸ் எழுந்துவிட்டார்.

“இடது குதிகால்ல ஒரு பள்ளம் வரைஞ்சிருக்கீங்களே?”

“அது காற்றோட்டத்துக்கு. உரிமை கேட்டு எழுதின கிளெய்ம்லயே இருக்கு.”

“வலது காலுக்குக் காத்து வேணாமா?”

மேகலா இடது செருப்பைக் கவிழ்த்து வைத்தாள்.

“இந்தப் பள்ளம் எலியாஸ் வச்சுத் தைச்சதில்ல. அப்புறமா ஜெனிஃபா வீட்ல வெட்டினது. பிளேடு கோணலாப் போனதுகூட உங்க படத்துல அப்படியே இருக்கு. எலியாஸ் கண்ணால பாக்காத பள்ளத்த எப்படிச் சொல்லியிருப்பாரு? இதப் பாக்கணும்னா அந்தப் பையைப் பிரிச்சிருக்கணும்.”

ஜெனிஃபா அந்தச் செருப்பைக் கையில் எடுத்தாள். “எங்கப்பாவுக்குச் சீழ் வடிஞ்ச இடத்தக் காத்தோட்டம்னு எழுதிட்டியாய்யா?”

ரஷீத் அஹமது தன் மேலாளரைப் பார்க்கவில்லை. “சாவியை வச்சுட்டுப் போப்பா.”

வாசலில் மேகலா, எதிர்ப்பு மனுவோடு எலியாஸின் வாக்குமூலமும் வேண்டும் என்றாள்.

“குடுக்கறேன்,” என்றார் எலியாஸ். ஜெனிஃபாவைக் கைகாட்டினார். “ஆனா பஜார்ல சொன்னத இந்தம்மா பஜார்லதான் வாபஸ் வாங்கணும். நீ கத்துனதுலேந்து ஒருத்தனும் கடைப்படி ஏறலம்மா. எம்பொண்ணு ஸ்கூலுக்குப் போவமாட்டேன்றா.”

அன்று மாலையே ஜெனிஃபா கூட்டம் நெரியும் பஜாரில், மூடியிருந்த எலியாஸின் கடைமுன் நின்றாள். முன்பு கத்தியதைவிட உரக்கக் கத்தினாள்: “எலியாஸண்ணன் திருடல! நான்தான் பொய்யாச் சொல்லிட்டேன்!”

பிரியாணிக் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மறுபடியும் சொன்னாள்.

எலியாஸ் குனிந்து ஷட்டரைத் தூக்கினார்.