முதுகுக்கு அப்பால்

சத்தியபாமாவின் முதுகுக்கு அப்பாலிருந்து ஓர் எதிரொலி வந்தது. அப்படி ஒன்று வரவே கூடாது.

சின்ன விஷயந்தான். அவள் பரிசோதனைக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். வயிற்றில் தடவியிருந்த பரஃபின் எண்ணெயின் மணம் மூக்கில் ஏறியது. கணவர் யோகேஸ்வரன் பக்கத்துக் கதிரையில் இருந்தபடி, தடித்த பேனை மாதிரி இருந்த கருவியின் முனையை அவளுடைய விலா எலும்புக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தார். அந்த முனை, காதுக்குக் கேட்காத ஒலியை உடம்புக்குள் அனுப்பும். போன ஒலி எதில் மோதித் திரும்பினாலும், தலைமாட்டுத் திரையில் ஓடும் பச்சைக் கோடு அந்த இடத்தில் ஒரு துள்ளுத் துள்ளும். தோலில் ஒன்று, ஈரலின் விளிம்புகளில் ஒன்றிரண்டு, கடைசியாக முதுகில் பெரிய துள்ளல். அதோடு சரி. அந்த ஒலி சதைக்குள் ஓடுமே தவிரக் காற்றில் ஓடாது, ஆகவே முதுகைத் தாண்டினால் கோடு தட்டையாகக் கிடக்க வேண்டும். அன்றைக்கு அந்தத் தட்டையின் கடைசி ஓரத்தில் சிறிதாக ஒன்று துள்ளி நின்றது.

அவள் கேட்டபோது, ஒலி உள்ளுக்குள்ளேயே இரண்டு தரம் மோதிவிட்டு வருகிறது, கருவியின் கோளாறு, வேறொன்றுமில்லை என்றார். சொல்லிக்கொண்டே ஒரு குமிழைத் திருப்பினார். திரையின் அந்த ஓரம் மறைந்தது.  

அது 1975ஆம் ஆண்டு ஆடி மாதம், சிட்னியில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் காலம். யோகேஸ்வரன் வேலை செய்தது நாலு துறைகள் ஒண்டுக்குடித்தனம் இருந்த பழைய செங்கல் கட்டடம். நிலவறையில், அலைகளை ஆராய்கிறவர்களின் நீண்ட தண்ணீர்த் தொட்டி. அதற்கு மேலே, தரைத்தளத்தில், இவருடைய கருவி. மாடியில் கணிதக்காரர்கள். பக்கத்து அறைகளில், உல்லாசப் பயணத்தை ஆராய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நடைபாதை முழுக்க ஒபரா ஹவுஸ் படங்களை ஒட்டி வைத்திருந்த ஒரு கூட்டம். ஊர் சுற்றுவதற்கும் ஒரு பேராசிரியரா என்று சத்தியபாமா முதலில் சிரித்தவள். இப்போது அந்தப் படங்களைத் தாண்டித் தனியாக நடக்கவே அவளுக்குப் பிடிப்பதில்லை. படங்களில் நின்ற வெள்ளைக்காரக் குடும்பங்கள் எல்லாம் அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றும்.

நோயாளியின் ஈரலை அளக்கு முன் சுகமாக இருக்கிறவரின் ஈரலை அளந்து வைத்திருக்க வேண்டும். அதற்கு லேசில் ஆள் கிடைக்காது. ஆராய்ச்சிக்கூடங்களில் வழக்கமாக நடப்பதுதான்: முதலில் தாங்களே படுப்பார்கள், பிறகு மனைவிமாரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். யோகேஸ்வரனும் நெடுநாள் தானே படுத்து, தன் வயிற்றில் தானே முனையைப் பிடித்துப் பார்த்தவர். கோடை முடிகிற நேரம் ஒருநாள், மெரிலேண்ட்ஸில் அவர்கள் குடியிருந்த வீட்டுக் குசினியில் அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போது வந்து, வாசலோடு எட்ட நின்று கேட்டார்.

"உம்மை விட்டா எனக்கு வேறை ஆர் இருக்கினம், பாமா?"

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் மேல்வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவள், இங்கே வந்து பட்டத்தை ஒருவரும் மதிக்காமல் வீட்டோடு கிடந்து புழுங்கியவள். கல்யாணமான காலத்திலிருந்து அவர் அவளிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி அது. வியாழக்கிழமை தோறும் பின்னேரம் ரயிலேறி வந்து, சொன்ன இடத்தில் சொன்னபடி படுத்தாள். அந்த மனிதரை அவள் அவ்வளவு நம்பினாள்.

ஆனால் கணிதம் படித்த தலை சும்மா இராதே. இரண்டு தரம் மோதி வரும் ஒலி என்றால், முதுகைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். இது அசைந்தது. முதல் நாள் அது நின்ற தூரம், கட்டிலுக்கும் கீழே, நிலத்துக்கும் கீழே, தண்ணீர்த் தொட்டி கிடக்கும் ஆழம். அடுத்த வியாழன் நிலத்துக்கு மேலே வந்திருந்தது. அதற்கடுத்த வியாழன் கட்டில் கால்களுக்கு நடுவே. அவர் குமிழைத் திருப்பிவிடுவார், ஆனால் அதற்குள் அவளுடைய கண் அளந்துவிடும்.

பிறகு வீட்டிலும் தொடங்கியது. மல்லாந்து படுத்தால், மெத்தைக்குக் கீழே தண்ணீர் எதிலோ மோதுகிற மாதிரி மெல்லிய ஒரு சளக், பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, தன் கற்பனைதான் என்று கண்ணை மூடுகிற நேரம் பார்த்து இன்னொரு சளக். எத்தனை சவர்க்காரம் போட்டுக் குளித்தாலும் விரிப்பில் பரஃபின் எண்ணெய் மணந்தது. விரிப்பைத் தோய்த்தாள். மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டாள். மணம் போகவில்லை. யோகேஸ்வரன் இருமல் என்று சொல்லி ஹோலில் படுக்கத் தொடங்கியிருந்தார். அங்கேயிருந்து நல்ல குறட்டைதான் கேட்டது, இருமலைக் காணோம். போன கோடை முழுக்க நித்திரையில்லாமல் கண் குழிவிழுந்து திரிந்த மனிதருக்கு இப்போது கன்னம் தேறியிருந்தது.

ஒருநாள் காலை, கட்டிலுக்குக் கீழே ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னாள். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு கிட்ட?"

என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. விசர்க்கதை என்று சிரிக்கவில்லை. எவ்வளவு கிட்ட என்றுதான் கேட்டார். கேட்ட கையோடு வேலைக்குப் பிந்திவிட்டது என்று எழுந்து போனார். பாதித் தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெங்கட்ராமன் சாப்பிட வந்தான். சென்னைப் பிள்ளை, கட்டடத்தின் மாடியில் இருக்கும் கணிதக்காரர்களில் ஒருவன். யோகேஸ்வரனின் எதிரொலிகளிலிருந்து வேண்டாத இரைச்சலைப் பிரித்துக் கொடுப்பது அவன் வேலை. யோகேஸ்வரன் பால் வாங்கக் கடைக்குப் போன இடைவெளியில், தோசையைப் பிய்த்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னான்.

"முன்னாடியெல்லாம் சார் தானே படுத்துப்பாரு, அக்கா. நீங்க வந்தப்புறம் ஒரு தடவைகூட படுக்கல. நான் சொன்னாலும் வேணாங்கறாரு. ஏன்னு கேட்டீங்களா?"

அவள் கேட்கவில்லை. வியாழக்கிழமை கேட்டாள். இன்றைக்கு முதலில் நீங்கள் படுங்கள், நான் பிடிக்கிறேன் என்றாள்.

அவர் மறுத்தார். நேரமில்லை என்றார், எண்ணெய் சட்டையில் பட்டுவிடும் என்றார். அவள் கட்டிலுக்குக் கிட்டவும் போகாமல் நின்றாள். கீழே யாரோ ஓடவிட்டுப் போன தொட்டியில் தண்ணீர் சுவரில் மோதி மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய முகம் மாறியது. பரீட்சை முடிவு ஒட்டியிருக்கும் பலகைக்குக் கிட்டப் போகிற பையனின் முகம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சட்டையைத் தூக்கிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிப் படுத்தார்.

அவள் எண்ணெயைத் தடவி முனையை வைத்தாள். தோல். ஈரல். முதுகு. அதன் பிறகு தட்டை. குமிழைத் திருப்பித் திரையை முழுக்க விரித்துப் பார்த்தாள். கடைசிவரை தட்டை.

"இருக்கோ?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"இல்லை."

அவர் எழுந்து உட்கார்ந்து, எண்ணெய்க் கையோடு அவளுடைய கையைப் பிடித்து, குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார்.

"போட்டுது, பாமா. என்னை விட்டுப் போட்டுது."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் அவருடைய வாயால் வர வேண்டும் என்று இருந்தது.

"உங்களிலை எவ்வளவு கிட்ட வந்தது?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "முதுகிலை முட்டுற அளவுக்கு. அப்பதான் உம்மைக் கேட்டனான்."

அந்த நேரத்தில் அவளுக்குப் பயம் வரவில்லை. வயிறு எரிந்தது. குசினி வாசலில் அவர் எட்ட நின்றது நினைவுக்கு வந்தது. கிட்ட வந்து அவளுடைய முகத்தைப் பார்க்க அன்றைக்கே அவருக்குக் கூசியிருக்கிறது. அவள் உச்சி குளிர்ந்து நின்றாள். அவர் தன் பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் அவசரமாகப் பேசிக்கொண்டு போனார். வேறொருவர் கிழமை தவறாமல் படுக்கத் தொடங்கினால் அது மெல்ல மெல்ல அந்த ஆளிடம் போய்விடும். வெங்கட்ராமன் மாடியில்தான் இருக்கிறான். கேட்டால் மறுக்கமாட்டான், நல்ல பிள்ளை. பக்கத்து வீட்டில் ஒரு சுண்டு அரிசி கைமாற்று வாங்குகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"அந்தப் பிள்ளையை விடுங்கோ," என்றாள். "நீங்கள் என்னோடை இருங்கோ. எனக்கு அதுவே போதும்."

அவர் தலையாட்டினார். "ஓம். காரை முன்னுக்குக் கொண்டுவாறன். ரெண்டு பேருமா வீட்டை போவம்."

சப்பாத்து நாடாவைக் கட்டாமலே போனார். நடைபாதையில் அவருடைய காலடி, முதலில் நடையாக, பிறகு கொஞ்சம் வேகமாக, பிறகு ஓட்டமாகக் கேட்டது.

அவள் கட்டிலின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கீழே தொட்டி அலம்பியது. மேலே வெங்கட்ராமன் கதிரையை இழுக்கிற சத்தம். ஒரு குரல் கொடுத்தால் இறங்கி வருவான், படு என்றால் படுப்பான். அவள் குரல் கொடுக்கவில்லை. ஆனால் தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. எண்ணெயைத் தடவி, முனையைத் தன் விலாவுக்குக் கீழே தானே பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

முதுகுக்கு அப்பால் ஒன்றும் இல்லை.

குமிழைக் கடைசிவரை திருப்பினாள். தட்டை. அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போட்டுது என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் முதுகைப் பார்த்தாள்.

எப்போதும் ஒற்றையாக நிற்கும் துள்ளல் இரண்டாக நின்றது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. நடுவில் ஒரு மயிரிழை.

முதுகில் சட்டை நனைந்தது. குளிர்ந்த ஈரம். பரஃபின் மணம்.

வெளியே கார் உறுமியது. அவருடைய டட்சன். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். முன்வாசலுக்கு வர வேண்டும். வெளிச்சம் யன்னலில் ஏறியது, சுவரில் ஓடியது, போனது. கேற்றைத் தாண்டியது. வீதியில் ஏறியது. கேட்காமல் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

கீழே தொட்டியும் நின்றுவிட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. எடுத்தால் அது எங்கே என்று தெரியாமல் போய்விடும்.

இரண்டு துள்ளல்கள். நடுவில் மயிரிழை.

மயிரிழையும் இல்லை.

ஒன்று.

பிறகு மெல்லப் பிரிந்தன. முதுகு தன் இடத்தில் நின்றது. மற்றது முதுகுக்கு இந்தப் பக்கம் நின்றது, ஈரலுக்குப் பின்னால். அவள் மூச்சை அடக்கினாள். தோல் அசையவில்லை, ஈரல் அசையவில்லை. அது மட்டும் ஏறி இறங்கியது, ஆறுதலாக, மூச்சு விடுகிற மாதிரி.