சத்தம் போடாத பிரேக்

நேற்றுச் சாயங்காலம் பெட்ரோல் தொட்டுத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து வைத்த பிரேக் கட்டையில் இன்று மறுபடியும் எண்ணெய் இருந்தது. நெடுமாறன் விரலால் தடவி முகர்ந்து பார்த்தான். தேங்காய் எண்ணெய். தலைக்குத் தேய்க்கிற, லேசாகக் காறல் வாடை அடிக்கிற எண்ணெய். செயினிலிருந்து தெறித்திருக்கும் என்று முதலில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் செயின் பின்னால் இருக்கிறது. எண்ணெயோ முன்சக்கரத்தின் இரண்டு கட்டைகளிலும், ரிம்மின் இரு பக்கமும், ஒரு விரற்கடை விடாமல் பொறுமையாகத் தடவப்பட்டிருந்தது.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊரில் சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகாத ஒரே ஆள் நெடுமாறன்தான். பஞ்சர் ஒட்டுவது, சக்கரக் கோட்டம் எடுப்பது, பால்ரஸ் மாற்றுவது எல்லாம் வீட்டு வாசல் ஷெட்டிலேயே நடக்கும். ரெண்டு ஏக்கர் நெல்லும் பத்துத் தென்னையும் வைத்திருக்கிற மனுஷனுக்கு இது என்ன வேண்டாத வேலை என்று அவன் மனைவி அமிர்தம் கேலி செய்வாள். அவள் கேலி செய்து ஒரு வருஷம் ஆகிறது.

சைக்கிள் மூத்தவள் செம்மொழியுடையது. பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கொடுத்தது. போன வருஷம் ஆனி மாதம், வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்த அன்று காலையில், மதகுச் சரிவில் இறங்கியவள் சைக்கிளோடு தண்ணீரில் விழுந்து போய்ச் சேர்ந்தாள். முந்தின நாள்வரை மாடு மேய்ந்த வாய்க்கால் அது. முந்தின நாள் விழுந்திருந்தால் முழங்கால் சிராய்ப்போடு எழுந்து வந்திருப்பாள். தண்ணீரை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்து சைக்கிளை உள்ளே விட்டுவிட்டாள் பிள்ளை என்று ஊர் சொன்னது. ஸ்டேஷனிலும் அப்படியேதான் எழுதிக்கொண்டார்கள்.

உண்மை நெடுமாறன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதற்கு முந்தின நாள் செம்மொழி அழாத குறையாக வந்து நின்றாள். "அப்பா, பிரேக் புடிச்சா கிறீச்சுன்னு கத்துதுப்பா. ரோடே திரும்பிப் பாக்குது, மானம் போவுது." கத்துகிற எதற்கும் அந்த வீட்டில் ஒரே வைத்தியம்தான். கதவுக் கீல், தையல் மிஷின், கிணற்று ராட்டினம், எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய். பிள்ளையின் முகம் வாடியதைப் பார்த்த அவசரத்தில் அவன் கை பிரேக் கட்டைக்கும் போய்விட்டது. ரெண்டு சொட்டுதானே, ஓட ஓடக் காய்ந்துவிடும் என்று நினைத்தான். சத்தம் நின்றது. "சூப்பர்ப்பா" என்று சொல்லி அவள் சிரித்தாள். சத்தம் நின்ற பிரேக்குக்குப் பிடிமானமும் இருக்காது என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் செய்தான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, அமிர்தத்திடம்கூட.

வருஷம் பூராவும் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் கிடந்த சைக்கிளைப் போன வாரம்தான் திருப்பிக் கொடுத்தார்கள். இளையவள் சுடர்விழி இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு. புதுப் பள்ளி நாலு கிலோமீட்டர். போனால் அக்கா சைக்கிளில்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம். "அவ தொட்ட சாமான். வீட்ல கெடந்து துரு ஏறணுமா?" என்று அமிர்தமும் சேர்ந்துகொண்டாள். வேண்டாம் என்று அவன் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் ஸ்பேனரை எடுத்தான். பிரேக் மட்டும் பிடித்துவிட்டால் போதும், இந்தப் பிள்ளையாவது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும்.

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அமிர்தம், சைக்கிள நீ ஏதும் தொட்டியா?"

"நான் ஏங்க தொடப்போறேன்?" அவள் திரும்பாமலே சொன்னாள். "கல்லணை தொறந்தாச்சாம். ரெண்டு நாள்ல நம்ம வாய்க்காலுக்கு வந்துருமாம்."

அவன் ஷெட்டுக்குத் திரும்பினான். பழைய கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினான். ரிம்மைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தான். மேல்காற்று தென்னை மட்டைகளை உரசிக்கொண்டு போக, பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்து அடங்க, வெயில் சுவரின் பாதிக்கு இறங்கி வந்த அந்த நேரத்தில் முன்டயரில் காற்று குறைந்திருப்பதைப் பார்த்தான். டியூபை உருவிக் காற்றடித்து, பேசினில் தண்ணீர் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கினான். முழுசாக ஒரு சுற்று வந்தும் ஒரு குமிழி வரவில்லை. பஞ்சர் இல்லை. டியூபை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

அப்போது பேசினின் அடியிலிருந்து ஒரு குமிழி எழும்பி வந்து உடைந்தது.

டியூபில் ஒட்டியிருந்த காற்றாக இருக்கும் என்று நினைத்தான். இன்னொன்று வந்தது. பிறகு இரண்டு மூன்று சேர்ந்து, அவசர அவசரமாக, ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு வந்தன. வெறும் பிளாஸ்டிக் பேசின், அடியில் கீறல்கூடக் கிடையாது. தண்ணீரில் கையை விட்டுத் தடவிப் பார்த்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை. உள்ளங்கையில் மட்டும் மூச்சு பட்டது. வெதுவெதுப்பாக, விட்டு விட்டு. பிறகு குறைந்தது. நீண்ட நேரம் கழித்துக் கடைசியாக ஒரே ஒரு சின்னக் குமிழி வந்து, மேலே கொஞ்சம் நின்று, உடைந்தது.

தண்ணீருக்கடியில் செம்மொழிக்கு மூச்சு எவ்வளவு நேரம் இருந்தது என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அவனும் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. இப்போது தெரிந்துவிட்டது. பேசினைக் கட்டிக்கொண்டு, வாயில் துணியை அடைத்துக்கொண்டு, உள்ளே கேட்காதபடி அவன் அழுதான்.

மறுநாள் காலை பிரேக் பிடித்தது. சுடர்விழி வாசல் ரோட்டில் ஓட்டிப் பார்த்தாள். கிறீச்சென்று அது கத்திய கத்தலில் வேலியில் இருந்த காக்காய் எழுந்து பறந்தது. அவனுக்கு அந்தச் சத்தம் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை பிடிக்கச் சொன்னான், இன்னொரு தடவை. மூன்றாவது தடவை அவள் சைக்கிளை நிறுத்திவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னப்பா இது, இப்புடிக் கத்துது? அக்காவுக்கு மட்டும் எண்ணெ போட்டுக் குடுத்தீங்க."

அவன் கையிலிருந்த ஸ்பேனர் காலில் விழுந்தது. வலி தெரியவில்லை.

"யார் சொன்னா உனக்கு?"

"அக்காதான்."

"எப்ப? அன்னிக்கா?"

"இல்லப்பா. நேத்து." சுடர்விழி பெடலைக் காலால் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள். "நீங்க போடலன்னா தானே போட்டுத் தரேன்னு சொன்னுச்சு."

கனவு கண்டிருப்பாள். ரெண்டு பேரும் ஒரே பாயில் படுத்து வளர்ந்த பிள்ளைகள், கனவில் வராமல் இருப்பாளா? ஆனால் எண்ணெய் போட்டது கனவுக்கு எப்படித் தெரியும்? அவன் சைக்கிளை வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டினான். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். அமிர்தத்திடம் சொல்லிவிடலாம் என்று அடுப்படி நிலைப்படிவரை போனான். அவள் செம்மொழியின் டிபன் பாக்ஸைத் தேய்த்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாகத் தினமும் தேய்க்கிறாள். திரும்பி வந்துவிட்டான். அந்த ஒரு தடவை அவன் வாயைத் திறந்திருக்கலாம்.

அதற்கு அடுத்த நாள் பிற்பகல் தண்ணீர் வந்துவிட்டது. பெண்கள் வாய்க்காலுக்குப் பூவும் விதைநெல்லும் எடுத்துக்கொண்டு போனார்கள். புதுத்தண்ணீரை அப்படித்தான் வரவேற்பது வழக்கம். அமிர்தம் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே படுத்துக்கொண்டாள். சுடர்விழி பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போயிருந்தாள். சாவி அவன் இடுப்பில் இருந்தது. வயலுக்கு மடை திறக்க வேண்டும், மனசு வரவில்லை என்றாலும் நெல் காத்திருக்காது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

மடையை வெட்டிவிட்டு மதகுச் சரிவின் அடியில் வந்து நின்றபோது பூத் தூவியவர்கள் கலைந்துவிட்டிருந்தார்கள். வெயில் மஞ்சளாகியிருந்தது. செம்மண் கலங்கிய தண்ணீர் சருகையும் நுரையையும் சாமந்தி இதழ்களையும் தள்ளிக்கொண்டு, காய்ந்த கரையை நனைத்து நனைத்து மேலேறியது. ஈரமண் வாசனை. ஒவ்வொரு வருஷமும் அவனுக்குப் பசியைக் கிளப்புகிற வாசனை. அதற்குள் இன்னொரு வாடையும் இருந்தது. தலைமுடி வாடை. காறல் எண்ணெய்.

மேலே சைக்கிள் மணி அடித்தது.

சரிவின் உச்சியில் சுடர்விழி. யூனிஃபார்ம். முதுகில் பை. செம்மொழியின் நீலச் சைக்கிள். அவன் இடுப்பைத் தடவினான். சாவி இருந்தது.

அந்த இடத்தில்தான் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். பிடிப்பாள். இதோ கத்தும். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும். கத்து. கத்திவிடு. அவன் காது முழுவதையும் அந்தச் சரிவில் வைத்துக்கொண்டு நின்றான்.

சத்தமே இல்லை.

சக்கரங்கள் காற்றை அறுக்கிற சத்தம் மட்டும். பிறகு அவள் குரல்.

"அப்பா! புடிக்கலப்பா!"

மண்வெட்டியை வீசிவிட்டு ஓடினான். வழியில் குறுக்கே நின்றான். கையை விரித்தான். ஹேண்டில்பார் நெஞ்சில் இடித்தது. மூச்சு நின்றது. விடவில்லை. குதிகால் இரண்டும் மண்ணைக் கீறிக்கொண்டே போக, பின்னால் தள்ளப்பட்டுக்கொண்டே போனான். முழங்கால்வரை தண்ணீர் ஏறியது. சைக்கிள் நின்றது.

நின்றுவிட்டது. ஒரு பிள்ளை நின்றுவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவன் தொண்டையிலிருந்து வந்தது. "வாடா தங்கம், எறங்கு, எறங்கு" என்று அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான்.

அவள் வரவில்லை.

"அப்பா, அக்காவ விடச் சொல்லுங்கப்பா. இறுக்குது."

குனிந்து பார்த்தான். சுடர்விழியின் இடுப்பைச் சுற்றிப் பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து முன்னால் கோத்திருந்தன. தண்ணீரில் வெகுநேரம் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள். எண்ணெய்ப் பிசுக்கு. பிளஸ் டூ சேர்ந்த அன்று போட்டுக்கொண்ட மஞ்சள் நெயில்பாலிஷ் பாதி உரிந்து இன்னும் இருந்தது. கேரியரில் யார் என்று அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவன் பெற்ற பிள்ளை. அவனுக்குத் தெரியாதா?

ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையின் விரல்களைப் பிரிக்க வேண்டும். சுண்டுவிரலில் ஆரம்பித்தான். குளிர்ந்திருந்தது. பிரித்த விரல் அவன் கண்ணெதிரே மறுபடி மடங்கியது.

"செம்மொழி," என்றான். ஒரு வருஷமாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. "அப்பாதாம்மா எண்ணெ போட்டேன். யார்ட்டயும் சொல்லலம்மா, பயந்துட்டேன். என்ன எடுத்துக்க. இவள விட்ரும்மா."

கோத்த கைகள் மெல்லத் தளர்ந்தன. வலது கை சுடர்விழியை விட்டது. தண்ணீர் சொட்டச் சொட்டக் காற்றில் துழாவி, அவன் மணிக்கட்டைக் கண்டுபிடித்து, இறுகப் பிடித்துக்கொண்டது.

இடது கை விடவில்லை.

சுடர்விழியின் கால்கள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. பெடல்கள் தாமாகச் சுற்றத் தொடங்கின.