இத்தாவில் ஒரு காது மெசின்

பிள்ளையின் மூச்சுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. காது மெசினின் பழைய இரைச்சல்தான் என்று, காது மந்தமான றாஹிலா நினைத்தாள். நெஞ்சில் தொங்கும் மெசின் பெட்டி வெள்ளைச் சேலையில் உரசினால் அந்த அதிர்வு வயர் வழியே காதுக்குள் ஏறும். ஆனால் இது உரசலாக இல்லை; விட்டு விட்டு, கனமாக, யாரோ பக்கத்தில் அயர்ந்து கிடப்பதுபோல வந்தது.

புருஷன் பளீலைக் கடல் கொண்டுபோனதிலிருந்து அவள் இத்தா இருக்கிறாள். அறையைத் தாண்டக்கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. மகள் சிபானாவுக்குக் காலையிலேயே மூச்சிழுப்பு. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கலாம். சனம் என்ன சொல்லும் என்று வீடே தயங்கித் தயங்கி, பொழுதுபட்டு மஃரிபு தொழுகைக்குப் பிறகுதான் மதினி ஜெமீலா வாகனம் பார்க்கப் போனாள். கல்முனை முழுக்கக் கரண்ட் இல்லை. ஜன்னல்களும் அடைப்பு. தொட்டால் பிள்ளை திடுக்கிட்டு இழுப்பு கூடியது. இருட்டில் கட்டிலடியில் குந்தி, மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அது நின்றுவிடுமோ என்று பயந்தாள்.

கதவுக்கு வெளியே றேடியோ திருத்துகிற மசூர்; மெசினைப் பார்க்கச் சொல்லி ஜெமீலா அனுப்பியிருந்தாள். இன்னொரு மூச்சும் கேட்கிறது என்று றாஹிலா அவனிடம் சொன்னாள்.

"ராத்தா, பெட்டிய எங்க போட்டிரிக்கீங்க?"

சொல்லக் கூச்சம். "நெஞ்சில தம்பி."

"அப்ப உங்கட நெஞ்சிடிதான் கேக்குது. இந்தச் சைக்கிள் டியூப்பப் பெட்டியில சுத்துங்க."

கதவின் கீழால் றப்பர் துண்டுகள் வந்தன. சுற்றினாள். இரைச்சல் குறைந்தது. பிள்ளையின் இழுப்பும் குறைந்தது. மற்ற மூச்சு குறையவில்லை.

"இன்னும் வருது தம்பி!"

"இன்னொரு சுத்து சுத்துங்க ராத்தா."

சுற்றினாள். இறுக்கினாள். இரைச்சல் போயே போய்விட்டது. ஒரே ஒரு மூச்சு. சீராக. இழுப்பில்லாமல்.

"அல்ஹம்துலில்லாஹ்! புள்ளைக்கு இழுப்பு நின்டிட்டு தம்பி!" சந்தோசத்தில் அழுதாள்.

ஜெமீலா லாம்போடு கதவைத் திறந்தாள்.

"மதினி, வேன் வந்திட்டு, புள்ளையத் தூக்கு..."

வெளிச்சம் கட்டிலில் விழுந்தது.

சிபானாவின் வாய் திறந்திருந்தது. உதடு நீலம். நெஞ்சு அசையவில்லை.

காதில் மூச்சு கேட்டது. சீராக.

பிள்ளைக்குப் பக்கத்தில் பளீல் படுக்கிற இடம். யாரும் இல்லை. விரிப்பு மட்டும் மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. பிறகு சிபானாவின் பக்கம் புரண்டு, பிள்ளையை மூடியது.