ஏழாவது சாட்சிப்பெட்டி

"முப்பத்திரண்டு கிகா நினைவகத்தை வச்சுக்கிட்டுச் சாட்சி சொல்ல வந்துட்டீங்களாக்கும்!"

தூத்துக்குடி மூன்றாம் வட்டாரத்தில், இசக்கிமுத்து அண்ணாச்சியின் புரோட்டாக் கடையில் இருந்த சாட்சிப்பெட்டிக் கணினியை அரசின் பெட்டி ஆய்வாளர் வடிவு தட்டிப் பார்த்தாள். பிறப்போ நிலமோ கல்யாணமோ, அது நடந்த வட்டாரத்தில் ஏழு சாட்சிப்பெட்டிகளாவது "ஆமாம்" சொன்னால்தான், எல்லாப் பதிவையும் கண்ணி கண்ணியாகக் கோக்கும் பேரேட்டுச் சங்கிலியில் ஏறும். ஏறாதது நடக்காதது. மனுஷ வாக்குக்கு மதிப்புப் போய்ப் பதினைந்து வருஷமாகிறது.

"கல்யாணப் பொண்ணுக்கு இன்னைக்குமா டூட்டி?" என்றார் அண்ணாச்சி. "இந்தப் பெட்டி ஒரு தப்புச் சொன்னதில்ல மேடம்."

"விதி விதிதான் அண்ணாச்சி. பதினாறு கோர், அறுபத்துநாலு கிகா, இருபது டெரா வட்டு. எழுதினதே நான்தான்." முத்திரையை ஒட்டினாள், பெட்டி அணைந்தது. "நினைவகச் சிப்பு வாங்கிப் போட்டதும் முத்திரை தானா விலகும். அப்புறம் சங்கிலியை முதல்லேர்ந்து இறக்கி, ஒவ்வொரு கண்ணியா சரிபார்த்துத் திரும்பச் சேரணும். ஒன்பது நாள்தானே? என்ன குடியா முழுகிடும்?"

அந்த வாரத்தில் அந்த வட்டாரத்தில் அவள் மூடிய நாலாவது பெட்டி அது. மூடியதை எண்ணுவதுதான் அவள் வேலை. மிச்சம் எத்தனை என்று எண்ணுவது வேறு பிரிவு. அங்கே ஆள் லீவு.

அன்று மாலை, அதே வட்டாரத்தில் இரண்டு தெரு தள்ளி ஒரு மண்டபத்தில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஞானதுரை கப்பல் என்ஜினியர். மறுநாள் காலை கப்பல், இரண்டு வருஷப் பயணம். பதிவானால் மனைவியாக அவளும் ஏறலாம். ஆகாவிட்டால் கரையில் நின்று கையாட்ட வேண்டியதுதான். நாற்பது வயதில் தேடி வந்த துணை, விடுவாளா? துணிமணியெல்லாம் கட்டி வைத்துவிட்டாள்.

தாலி ஏறியது. எல்லோரும் பதிவுத்திரையைப் பார்த்தார்கள்.

"சாட்சி போதாது. தேவை ஏழு. வந்தவை ஆறு."

"இதென்ன கூத்து? இருநூறு பேர் கண்ணால பாத்தோமே!" என்று மாப்பிள்ளையின் அத்தை திரையோடு சண்டைக்குப் போனார்.

திரை பொறுமையாகப் பதில் சொன்னது: "மனிதர்: வன்பொருள் தகுதி இல்லை." அந்த வரியும் வடிவு எழுதியதுதான்.

பந்தியில் இருந்த அண்ணாச்சியிடம் பட்டுச்சேலையோடு ஓடினாள். "அண்ணாச்சி, உங்க பெட்டி... சிப்பு கிடைச்சுதா?"

"மத்தியானமே போட்டாச்சு மேடம். நீங்க சொன்ன மாதிரியே சங்கிலி இறங்கிட்டிருக்கு." பெருமையாகக் கைபேசியைக் காட்டினார். மிச்சம் எட்டு நாள், பதினெட்டு மணி நேரம்.

வடிவின் கண் கலங்கியதைப் பார்த்து மனுஷன் பதறிப்போனார். கப்பல் விஷயம் அவருக்குத் தெரியாது. பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார்:

"எட்டு நாள்தானே மேடம்? என்ன குடியா முழுகிடும்?"