பாறையிலிருந்து வந்த குரல்

“பாறைக்குப் போக வேண்டாம்னு சொல்றேன்ல, பனி எறங்குது...”

“ஊட்டுக்குள்ள டவரே கிடைக்கலயேம்மா, அங்க போனாத்தான்...”

“நாளைக்குப் பேசறேன்னு அந்தம்மாகிட்டச் சொல்லு.”

“நாளைக்குன்னா அந்த இடம் வேற யாருக்காவது போயிரும்மா.”

அம்மா மல்லிகாவும் அக்கா பவித்ராவும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த புவனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பவித்ரா சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். ஆறு மாதம் ஆஸ்திரியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வர அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. அங்கிருந்தும் ஒரு மாணவி இங்கே படிக்க வருவாள். எந்தப் பாடம், எந்த விடுதி, எந்த ஸ்வெட்டர் என்று பவித்ரா எல்லாவற்றையும் யோசித்து வைத்துவிட்டாள். அங்கே பேசும் ஜெர்மன் மொழியும் கற்றுக்கொண்டாள். கொஞ்ச நாளாக ஆட்டுக்குட்டியைக்கூட ஜெர்மனில்தான் திட்டினாள்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. ஹெல்கா என்ற பேராசிரியை இன்று மூன்று மணிக்கு வீடியோவில் பேசுவார். அவர் சரி என்றால் பவித்ரா போகலாம்.

“சரி, போ. ஆனா பனிக்குள்ள யாராச்சும் பேரு சொல்லிக் கூப்பிட்டா பதில் சொல்லாத” என்றாள் அம்மா.

“நான் போறதே பதில் சொல்றதுக்குத்தாம்மா” என்று சொல்லிவிட்டு பவித்ரா ஓடினாள்.

அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் இருக்கும் நாகலூர் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் பனி இறங்கிவிட்டால் யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள். “கூ” என்று குரல் கொடுப்பார்கள். பதிலும் “கூ”தான். பனிக்குள் பெயர் சொல்லி அழைக்கும் குரல் மனிதக் குரலே இல்லை என்று காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் சொல்வார்கள்.

சற்று நேரத்தில் புவனா மேசையைப் பார்த்தாள். பவர் பேங்க் அங்கேயே கிடந்தது. அக்காவின் போனில் சார்ஜ் குறைவு என்று அவளுக்குத் தெரியும். அதை எடுத்துக்கொண்டு அவளும் பாறைக்குக் கிளம்பினாள்.

வெளியே பனி வெள்ளைச் சுவர்போல நின்றது. சில்வர் ஓக் மரங்களுக்கு அடிப்பகுதி மட்டும்தான் இருந்தது. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம், யாரோ பின்னால் மெதுவாக நடந்து வருவதுபோல் இருந்தது. புவனா நின்றால் அதுவும் நிற்பதுபோல் இருந்தது.

பாறைக்குக் கீழே வீராயி அத்தையும் கனகாவும் கூடையை அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள்.

“ஏனுங்க அத்தை, பழம் பறிக்கலைங்களா?”

“சத்தம் போடாத கண்ணு. கேளு.”

மேலே பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய, இழுத்த குரல்.

“பவி...த்ரா...”

புவனா பவர் பேங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வந்துரு சாமி, ஊட்டுக்குப் போயிரலாம்” என்று வீராயி அவள் தோளைப் பிடித்தாள்.

“அக்கா மேல இருக்காளுங்களே. அவ பதில் சொல்லிட்டா என்னங்க ஆகும்?”

அதைக் கேட்டு வீராயி வாயைப் பொத்திக்கொண்டாள். புவனா தோளை விடுவித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

பாறையில் அக்கா இல்லை. பாறை இடுக்கில் ஏதோ நீலமாக ஒளிர்ந்தது. அதற்குள் ஒரு வெள்ளை முகம்.

“பவித்ரா?” என்றது முகம்.

அது அக்காவின் போன். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு வயதான பெண் அதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். புவனா மூச்சை விட்டாள். அக்கா பவர் பேங்கைத் தேடி வீட்டுக்குத்தான் இறங்கியிருப்பாள். நகர்த்தினால் இணைப்பு போய்விடும் என்று போனை இங்கேயே விட்டிருக்கிறாள். ஆனால் வழியில் அவளைக் காணவில்லையே?

புவனா போனில் பவர் பேங்கைச் செருகினாள். பிறகு தன் ஐந்தாம் வகுப்பு ஆங்கிலத்தைத் திரட்டினாள்.

“சிஸ்டர் கமிங், மேடம். ஃபாக். மெனி மெனி ஃபாக்.”

ஹெல்கா சிரித்தார். அடுத்த மாணவர் காத்திருப்பதால் கொஞ்ச நேரம்தான் இருக்க முடியும் என்று மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார்.

புவனா பாறை நுனியில் நின்று “கூ...” என்றாள். பதில் இல்லை. ஒரு குரலால் என்ன ஆகும்? கீழே இருக்கிறவர்களும் கூவ வேண்டும். அவர்களோ பயந்து போயிருந்தார்கள்.

“அத்தை, பேயில்லைங்க. ஆஸ்திரியா டீச்சருங்க. அக்காதான் பனியில வழி தவறிட்டா. கூவுங்க அத்தை.”

கீழே கூடை உரசும் சத்தம் கேட்டது.

“டீச்சருங்களா?” என்றது கனகாவின் குரல்.

“ஆமாங்க. கண்ணாடியெல்லாம் போட்டிருக்காங்க.”

“பேயி கண்ணாடி போடாதுங்க்கா” என்று கனகா வீராயியிடம் சொன்னாள்.

வீராயி நீளமாகக் கூவினாள். கனகா அதை வாங்கிக் கூவினாள். அவளுக்கு அப்பால் பழம் பறித்தவர்களும் வரிசை வரிசையாகக் கூவினார்கள். மலைச்சரிவு முழுக்க முகம் தெரியாத குரல்கள். போனில் ஹெல்கா காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெகு கீழேயிருந்து மெலிதாகப் பதில் வந்தது. “கூ...”

தலையெல்லாம் இலையும் பாவாடையெல்லாம் சேறுமாக பவித்ரா ஓடி வந்தாள். மூச்சிரைக்க ஜெர்மனில் வணக்கம் சொன்னாள். ஹெல்கா கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் மறுபடி கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். புவனாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் கடைசியில் ஹெல்கா தலையாட்டியது நன்றாகப் புரிந்தது.

போனை அணைத்துவிட்டு பவித்ரா தங்கையைக் கட்டிக்கொண்டாள். “கிடைச்சிருச்சுடி.”

“என் ஃப்ராக்குல சேறாக்கிட்ட” என்றாள் புவனா. ஆனாலும் விலகவில்லை.

கூவிய பெண்கள் எல்லோரும் பாறையடியில் கூடிவிட்டார்கள்.

“எங்க கண்ணு போயிட்ட?” என்று கேட்டாள் வீராயி.

“பள்ளத்துப் பக்கம் போயிட்டேனுங்க அத்தை.”

“பள்ளத்துக்கா? நாங்க யாரும் அங்க போறதில்லையே. செடியும் இல்ல, தடமும் இல்ல.”

பவித்ரா திரும்பிப் பனியைப் பார்த்தாள்.

“அங்கயிருந்தும் ஒருத்தங்க கூவுனாங்களே. நொம்பப் பக்கத்துல, மேல போ மேல போங்கிற மாதிரி. அவங்க இன்னும் வரலைங்களா அத்தை?”