வடக்கு ஜன்னலுக்கு ஒரு மறைப்பு

செடிகள் எல்லாம் வீட்டுச் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்திருந்தன.

முதல் நாள் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாக நட்ட செடி கொஞ்சம் சாயும், பிறகு நிமிரும். ஆனால் அது வீட்டின் வடக்குப் பக்கத்துச் சந்து. எதிரே அடுத்த வீட்டின் மாடிச் சுவர் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. தெருக்கோடியிலிருந்து வருகிற வெளிச்சம்தான் அங்கே வெளிச்சம். செடி என்றால் அந்தப் பக்கம்தான் கழுத்தை நீட்ட வேண்டும். இவையோ, விபத்து நடந்த இடத்தில் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்ப்பார்களே, அப்படி அவள் கணவரின் அறை ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த அறையில் வெளிச்சமே கிடையாது. கண் கூசி அவர் முனகுவதால் அவள் விளக்குப் போடுவதில்லை.

அவரைத் தெருவே சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிடும். வேலைக்காலம் முழுக்கக் கட்டிடங்களை மேற்பார்வை பார்த்தவர். வீட்டில் அவளை. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் இந்தச் சந்தில் ஒரு செடி வைத்தாள். அன்று சாயங்காலமே ஆட்களைக் கூட்டிவந்து சந்து முழுக்க சிமென்ட் போட்டுவிட்டார். "மண்ணு இருந்தா பூச்சி வரும், சுவத்துல ஈரம் ஏறும். சிமென்டு போட்டா கழுவிவிட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்." செடியைப் பிடுங்கக்கூட இல்லை. அதற்கு மேலேயே பூசினார்கள்.

பக்கவாதம் வந்தபோது பேச்சு போனது, இடது பக்கம் போனது. கண் மட்டும் போகவில்லை. அவர் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். அவள் துணி உலர்த்தப் போனாலும் குப்பை கொட்டப் போனாலும் அந்தக் கண் அவளுடனே வந்தது. டாக்டர் அவளை வராந்தாவுக்கு அழைத்துவந்து, குரலைத் தாழ்த்தி, "இந்த மழைக்காலத்தைத் தாண்டறது கஷ்டம்மா" என்றபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தன் முகத்தில் வந்ததை டாக்டர் பார்த்துவிடக் கூடாதே என்று.

அடுத்த வாரம் ஆள் வைத்து சிமென்டை உடைத்தாள். அவர் போன பிறகு அந்த வீட்டில் தனியாக, தன் இஷ்டத்துக்கு இருக்கப்போகிறாள். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அதுவரை காத்திருக்க அவளால் முடியும், அந்தக் கண் மட்டும் மறைந்தால்.

நர்சரிக்காரர் வாய் ஓயாத மனுஷர்.

"வடக்குப் பக்கமா? அப்ப செம்பருத்தி வேணாம்மா. அது வெயில் திங்கிற ஜாதி, நிழல்ல வச்சா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும். ரோஜாவா? அவ மகாராணி, பேச்சே வேணாம். குரோட்டன்ஸ் வச்சீங்கன்னா சாயம்போன சட்டை மாதிரி ஆயிடும்."

"அப்ப எதுதாங்க வரும்?"

"நந்தியாவட்டை வைங்க. நிழல்ல பூ கொறையும், எல கொறையாது. பொதபொதன்னு வளந்து நிக்கும். ஆனா ஜன்னல மறைச்சிடுமே, பரவால்லயா?"

"மறைக்கணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உள்ள யாரும்மா இருக்காங்க?"

"யாரும் இல்ல." அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பதில்.

இப்போது அவள் ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஒரு கொம்பு ஊன்றி, தண்டைத் தெருப்பக்கமாக இழுத்துச் சணல் கயிற்றால் கட்டினாள். காலையில் வந்து பார்த்தபோது கயிறு விறைத்திருந்தது. கொம்பும் சேர்ந்து சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தது.

நர்சரிக்காரரை வரவழைத்தாள். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வெளிச்சம் இல்லாத பக்கம் எந்தப் பைத்தியக்காரச் செடிம்மா போகும்? வாங்கும்போதே கோணலா இருந்திருக்கும். வேரோட திருப்பி வச்சா சரியாப் போச்சு." ஒன்றை மண்ணோடு பெயர்த்து, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி வைத்து, காலால் மண்ணை மிதித்து இறுக்கினார். கை கழுவக் குழாயடிக்குப் போனார். பேசிக்கொண்டேதான் திரும்பி வந்தார். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். ஈரமண்ணுக்குள்ளிருந்து மெல்லிய சத்தம், யாரோ சொடக்கு எடுப்பதுபோல. தண்டு திரும்பிக்கொண்டிருந்தது.

"உள்ள யாரும் இல்லன்னீங்களேம்மா" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதன் பிறகு அவர் போனை எடுக்கவும் இல்லை.

அதற்குப் பின் செடிகள் மறைக்கவில்லை, நுழைந்தன. கம்பிகளுக்கு நடுவே நுனிகள் போயின. அறையைப் பெருக்கும்போது பினாயில் வாசனைக்கும் மாத்திரை வாசனைக்கும் அடியில், கிள்ளிய காம்பிலிருந்து வடியும் பாலின் பச்சை வாடை அடித்தது. இலை கம்பியில் உரசுகிற சத்தம் பகலெல்லாம் கேட்டது. காற்று இல்லாதபோதும் கேட்டது. வெளியே நின்று பார்த்தால் இலைகள் வெளுத்து, காகிதம்போல மெலிந்துகொண்டு வந்தன. உள்ளே அவருடைய ஒட்டிய கன்னம் மேடேறிக்கொண்டிருந்தது. ஊட்டுகிற கஞ்சியில் பாதியை அவர் துப்பிவிடுவார். பின் எங்கிருந்து வருகிறது இந்தச் சதை?

டாக்டர் வந்து இடது கையைத் தூக்கிப் பார்த்து, "ஆச்சரியமா இருக்கே" என்றார். மழைக்காலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மகள் போனில் அழுதாள். "அப்பா வெரல அசைக்கிறாராமே! எல்லாம் உன் கை ராசிம்மா. இன்னும் இருவது வருஷம் இருப்பாரு பாரு."

"ஆமா" என்றாள் அவள். "இருப்பாரு."

வரிசையின் நடுவிலிருந்த செடி முதலில் செத்தது. பிடுங்கியபோது கையோடு வந்துவிட்டது, கனமே இல்லை. வேர் முழுக்கச் சப்பிப் போட்ட சக்கை. ஜன்னலுக்கு நேர் எதிரே ஓர் ஆள் அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடைவெளி வழியாக அந்தக் கண் மறுபடியும் அவளைப் பார்த்தது. முன்பு அதில் அதிகாரம் இருந்தது. இப்போது பசி.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும். இன்றே.

பொழுது சாயும் நேரம் மண்வெட்டியோடு சந்துக்குள் இறங்கினாள். செருப்பு சேற்றில் சிக்கியதால் உதறிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். ஓரத்துச் செடியின் அடியில் வெட்டினாள். பால் பீய்ச்சிக்கொண்டு வந்தது. உள்ளே அவர் முனகினார். இரண்டாவது வெட்டில் முனகல் நின்றது. கட்டில் கிறீச்சிட்டது. அவர் புரள்கிற சத்தம் அவளுக்குத் தெரியும். இது அதுவல்ல. யாரோ எழுந்து உட்காருகிற சத்தம்.

பிறகு தரையில் பாதம். ஒன்று. இன்னொன்று.

ஓட வேண்டும் என்று தெரிந்தது. தெருக்கோடியில் வெளிச்சம் தெரிந்தது. யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். திரும்பினதாகத்தான் நினைத்தாள். ஜன்னல் பக்கத்தில் வந்திருந்தது. இன்னும் பக்கத்தில். மண்வெட்டி எங்கே விழுந்தது?

அவள் நின்றுகொண்டிருந்தது அந்தக் காலி இடத்தில்.

காலைத் தூக்கப் பார்த்தாள். மண் குளிர்ச்சியாக இருந்தது. அந்தக் குளிர்ச்சி பிடித்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. இரண்டு பக்கமும் வெளுத்த இலைகள் அவள் தோளோடு தோள் உரசின. இடுப்புக்கு மேலே உடம்பு தானாக முன்னால் போயிற்று. நெற்றி கம்பியில் பட்டது. துரு வாசனை. கத்த வாயைத் திறந்தாள். நாக்கில் பச்சை வாடை. சத்தம் வரவில்லை.

"நேரா நில்லு."

பேச்சு போன பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை. கரகரப்பே இல்லாத, பழைய சூப்பர்வைசர் குரல்.

அவளால் நேராக நிற்க முடியவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து இடது கை வந்தது. செத்துக் கிடந்த கை. கொழுகொழுவென்று, ரத்த ஓட்டத்தோடு. கம்பிக்கு இந்தப் பக்கம் வழிந்திருந்த அவள் கூந்தலின் நுனியைப் பிடித்து, கொடியைக் கம்பியில் ஏற்றிவிடுவதுபோல, நிதானமாக உள்ளே இழுத்துச் சுற்றிக்கொண்டது. வலது கையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. அவர் அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, சிந்தாமல், பார்த்துப் பார்த்து, அவள் காலடியில் ஊற்றினார்.

மண்ணுக்குள் அவள் கால்விரல்கள் விரிந்தன.